பழைய குறிப்பில் இருப்பது லியோனிட் எரிகல் புயல்தானா? கண்டுபிடிக்கும் முறை

நட்சத்திரங்கள் மழையாகக் கொட்டின என்று ஒரு பழைய நாட்குறிப்பிலோ வரலாற்று நூலிலோ ஒரு வரி கிடைக்கிறது. அது எது? லியோனிட் புயலை வைத்துப் பழகுவோம்: ஒரு வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற துகள் கூட்டத்தை நவம்பரில் பூமி கடக்கும்போது, சில ஆண்டுகளில் எரிகற்கள் மழையாகக் கொட்டுவதுதான் அது.

முதலில், புயல்தானா என்று பாருங்கள். ஒற்றைத் தீப்பந்து சில நொடிகளில் முடிந்துவிடும். வால்நட்சத்திரம் பல இரவுகள் தெரியும். எரிகல் புயலில் ஆயிரக்கணக்கில், மணிக்கணக்கில் விழும். 1799 நவம்பர் 12 விடியுமுன் வெனிசுலாவின் குமனாவில் இயற்கை ஆய்வாளர்கள் ஹம்போல்ட்டும் போன்ப்ளானும் பார்த்த லியோனிட் புயல் சுமார் நான்கு மணி நேரம் நீடித்தது.

அடுத்து, நேரம். லியோனிட் எரிகற்கள் சிம்ம ராசிப் பக்கமிருந்து வருகின்றன. அது எழுவதே நள்ளிரவை ஒட்டித்தான். முன்னிரவில் கொட்டியது என்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

அப்புறம் திசை. 1833 நவம்பர் 13 அன்று அமெரிக்காவில் பெரும் புயல். யேல் கல்லூரிப் பேராசிரியர் டெனிசன் ஆம்ஸ்டெட் பலரின் நேரடி விவரங்களைத் திரட்டி ஒப்பிட்டார். எல்லாக் கோடுகளும் சிம்மத்தின் அரிவாள் போன்ற பகுதியிலிருந்து விரிந்தன. நட்சத்திரங்களின் பெயர் தெரியாதவர்கூட, குடைக்கம்பி போல விரிந்தது என்று எழுதியிருக்கலாம். "பயங்கரம்", "அற்புதம்" என்பவற்றைவிட அப்படி ஒரு சொல்லைத் தேடுங்கள். அதுதான் தங்கம்.

இனி தேதி. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வட ஆப்பிரிக்க மன்னர் இப்ராஹிம் பின் அஹ்மதின் மரணத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் புயல், 902 அக்டோபர் 13 என்று கணிக்கப்படுகிறது. அது பழைய ஜூலியன் நாள்காட்டி. இன்றைய நாள்காட்டிக்கு மாற்ற ஐந்து நாள் கூட்டினால் அக்டோபர் 18. நவம்பர் எங்கே என்று விட்டுவிடாதீர்கள்! பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் புயலின் தேதி சுமார் 70 ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளிப்போகிறது. 1833 வரையிலான 931 ஆண்டுகளில் 13 நாள். கோள்களின் இழுப்பால் எரிகல் பாதையே நகர்ந்ததில் ஏறக்குறைய இன்னும் 13 நாள். கூட்டிப் பாருங்கள்: நவம்பர் 13.

கடைசியாக இடைவெளி. லியோனிட் புயல்கள் சுமார் 33.25 ஆண்டுக்கு ஒருமுறை வரும். 931-ஐ அதால் வகுத்தால் மிச்சமில்லாமல் 28 சுற்று; பொருந்துகிறது. பழைய பதிவுகளை வைத்து இப்படிக் கணக்கிட்டுத்தான் அமெரிக்க வானியலாளர் ஹியூபர்ட் நியூட்டன் 1864-இல் அடுத்த புயலை எதிர்பார்த்தார், 1866-இல் வந்தது.

ஆனால் இடைவெளியை மட்டும் நம்பாதீர்கள். 1899-இல் எல்லோரும் காத்திருந்தும் புயல் வரவில்லை. வியாழனும் சனியும் அந்தத் துகள் கூட்டத்தை விலக்கியிருந்தன.