காட்டுப் பாதைய சரிபண்ணப் போறீங்களா, முதல்ல மழையில ஒருதடவ நடங்க

ஊர் மக்களே சேர்ந்து பாத்துக்குற சின்னக் காடு, இல்ல ஏரிக்கரை, இல்ல புல்வெளி, எதுவா வேணா இருக்கட்டும், ஜனங்க வர ஆரம்பிச்சிட்டாங்க, கையில கொஞ்சம் காசும் சேர்ந்திருக்கு, என்ன பண்ணலாம்னு கூடி உக்காந்தா முதல்ல வர்ற யோசனை பெரிய போர்டு, பெரிய கேட்டு, நாலு பெஞ்சு இதுவாத்தான் இருக்கும். அதெல்லாம் வேணாம்னு சொல்லல, ஆனா கடைசியா வரவேண்டியது அது. பாதையில தண்ணி எப்படி ஓடுதுன்னு பாத்து அத சரிபண்ணாம மேல எத வெச்சாலும் ரெண்டு மழைக்காலத்துல பாதை வாய்க்காலா மாறிடும், அப்புறம் அந்த பெஞ்சுக்கு போறதுக்கே வழி இருக்காது.

அதனால இடி மின்னல் இல்லாத ஒரு நல்ல மழை நாளா பாத்து குடையோட போங்க. பேனா வேணாம், பென்சில் எடுத்துக்கோங்க, ஈரத்தாள்ல பேனா எழுதாது பென்சில் எழுதும். பாதையில மூணு விஷயம் பாக்கணும், தண்ணி எங்க உள்ள வருது, எவ்வளவு தூரம் பாதையோடவே ஓடுது, எங்க வெளிய போகுது. ஒவ்வொரு இடத்துலயும் துணி கட்டுன குச்சி ஒண்ணு நட்டுட்டு வாங்க. மறுநாள் மழை விட்டதும் திரும்ப அதே வழியா போனா இன்னொரு கதை தெரியும், சேறு தேங்குன இடத்துல காலடி எல்லாம் ஓரமா சுத்திப் போயிருக்கும், ஒத்தையடிப் பாதை அங்க ரெண்டாகி, மூணாகி, பக்கத்துல இருந்த செடியெல்லாம் மிதிபட்டு கெடக்கும். இத பாத்துட்டு வர்றவங்கள திட்டுறதுல அர்த்தமே இல்ல, சேத்துல யாரும் கால வைக்க மாட்டாங்க, காஞ்ச இடம் தேடித்தான் போவாங்க, அந்தக் காஞ்ச இடம் பாதையாவே இருக்கணும்னா வேலை நம்ம பக்கம்தான்.

அடுத்து சரிவு அளக்கணும். பெரிய கருவி எதுவும் வேணாம், 1 மீட்டர் நீளத்துக்கு நேரான கட்டை ஒண்ணு, ஒரு ரசமட்டம், ஒரு டேப் போதும். கட்டையோட ஒரு முனைய மேட்டுப்பக்கம் தரையில வெச்சுக்கிட்டு இன்னொரு முனைய பள்ளத்துப்பக்கம் தூக்கிப் பிடிங்க, மேல வெச்ச ரசமட்டத்துல குமிழி நடுவுக்கு வந்ததும் தூக்குன முனைக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளின்னு அளங்க, 12 செ.மீ. வந்தா 12 சதவீதச் சரிவு, அவ்வளவுதான் கணக்கு. இத பாதை போற திசையில ஒருதடவ, பாதைக்கு குறுக்கால மலைச்சரிவுல ஒருதடவன்னு ரெண்டு தடவ எடுக்கணும். பாதையோட சரிவு மலைச்சரிவுல பாதிக்கு மேல போகக்கூடாது, அதாவது மலை 30 சதவீதம் சரிஞ்சிருந்தா பாதை 15-க்குள்ள இருக்கணும், ஏன்னா அதுக்கு மேல போனா தண்ணிக்கு பாதைய குறுக்க தாண்டிப் போறதவிட பாதையோடவே இறங்குறது சுலபமாயிடும். மொத்தமா சராசரி பாத்தா 10 சதவீதத்துக்குள்ள வெச்சுக்கிட்டா பெரும்பாலான மண்ணு தாங்கும். மேட்டுல இருந்து நேரா கீழ இறங்குற பாதை இருந்தா அத சரிபண்ண காசு கொட்டாதீங்க, வளைச்சு சரிவோட பக்கவாட்டுல புதுசா ஒண்ணு போட்டுட்டு பழச மூடுறதுதான் நல்லது.

இத நான் அடிச்சு சொல்றதுக்கு காரணம் இருக்கு. நாங்க ஆரம்பத்துல ஒரு நேர் இறக்கத்துல ரெண்டு நாள் சட்டி சட்டியா கிராவல் சுமந்து கொட்டுனோம், பத்து பேர், தோள்பட்டை கழண்டு போச்சு, பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு. அடுத்த பெரிய மழையில அத்தனையும் கீழ ஓடைப் பக்கம் போய் விசிறி மாதிரி பரவிக் கெடந்துச்சு, மேல பழைய பள்ளம் முன்னவிட ஆழமா இருந்துச்சு. கல்லுல ஒரு தப்பும் இல்ல, தண்ணிய வெளிய விடாம கல்ல கொட்டுனதுதான் தப்பு.

சரி தண்ணிய எப்படி வெளிய விடுறது. முதல் வேலை வரப்ப எடுக்குறது. நடந்து நடந்து பாதையோட நடு அமுங்கிப் போயிருக்கும், வெளி ஓரத்துல மண்ணும் சருகும் சேர்ந்து ஒரு சின்ன வரப்பு கட்டியிருக்கும், கண்ணுக்கு சட்டுன்னு தெரியாது, ஆனா அதுதான் தண்ணிய உள்ளயே அடைச்சு வைக்குது. மண்வெட்டியால அந்த வரப்ப வெட்டி எடுத்துட்டு, பாதைய வெளிப்பக்கமா லேசா சரிச்சு விடணும், 1 மீட்டர் அகலப் பாதைன்னா வெளி ஓரம் உள் ஓரத்தவிட 5 செ.மீ. இறங்கியிருந்தா போதும், நடக்குறவங்களுக்கு தெரியவே தெரியாது, தண்ணிக்கு தெரியும். வெட்டுன மண்ண அங்கயே ஓரத்துல போட்டுடாதீங்க, திரும்ப வரப்பாயிடும், பாதையில அமுங்குன இடத்துக்கு போட்டு இடிச்சு விடுங்க.

ரெண்டாவது, நீளமா இறங்குற பாதையில அங்கங்க ஒரு தாழ்வு குடுக்கணும். இறங்கி வர்ற பாதை ஒரு 3, 4 மீட்டர் தூரம் மெதுவா மேல ஏறி திரும்ப இறங்குற மாதிரி மண்ண அணைக்கணும், ஏறத் தொடங்குற அந்த அடிமட்டத்துல வெளிப்பக்கம் 1 மீட்டர் அகலத்துக்காவது வாய் திறந்து விடணும். தண்ணி மேல ஏறாதில்ல, அந்த இடத்துல வெளிய திரும்பிடும். அந்த வாய் நேரா ஓடையில போய் முடியாம சருகும் புல்லும் இருக்குற பக்கம் திறக்குற மாதிரி பாத்துக்கோங்க, இல்லன்னா பாதையோட சேறு முழுக்க ஓடைக்கு போய் மீனும் தவளையும்தான் கஷ்டப்படும். மரக்கட்டைய குறுக்க பதிச்சு தண்ணிய திருப்புறதும் ஒரு வழிதான், ஆனா கட்டைக்கு பின்னால வண்டல் சேர்ந்து சீக்கிரம் மேடாயிடும், அப்புறம் தண்ணி கட்டை மேலயே ஏறி ஓடும், வயசானவங்க கால் தடுக்கும், வேற வழி இல்லாத செங்குத்தான இடத்துல மட்டும் வைங்க.

மேல போடுற கல்லுல ஒரு விஷயம் கவனிங்க. உருண்டையான கூழாங்கல்லு பாக்க நல்லாயிருக்கும், ஆனா எவ்வளவு இடிச்சாலும் ஒண்ணோட ஒண்ணு கோர்த்துக்காது, கால் வழுக்கும், சக்கர நாற்காலி புதைஞ்சு நின்னுடும். உடைச்ச ஜல்லி, கூடவே அதோட தூள், இதுதான் இறுகும். ஒரே தடவையா கொட்டாம 7, 8 செ.மீ. கனத்துக்கு பரப்பி, தண்ணி தெளிச்சு, திமிசு போட்டு இடிச்சு, அதுக்கு மேல அடுத்த அடுக்கு. கீழ களிமண்ணா இருந்தா ஜல்லிக்கு அடியில ஜியோ டெக்ஸ்டைல் துணி, அதாவது தண்ணிய விட்டு மண்ண தடுக்குற துணி, விரிச்சுடுங்க, துணி இல்லாம போட்டா கல்லு கொஞ்சம் கொஞ்சமா சேத்துக்குள்ள இறங்கி காணாமப் போயிடும்.

எப்பவுமே ஈரமா இருக்குற இடத்துல மண்ணோட சண்டை போடாதீங்க, மரப்பலகை நடைபாதை போட்டுடுங்க. பலகைய நடக்குற திசைக்கு குறுக்க அடிக்கணும், இடைவெளி 12 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது, நீளவாக்குல அடிச்சா சக்கரமும் ஊன்றுகோலும் சந்துல மாட்டிக்கும். நிழல்ல இருக்குற பலகை பாசி பிடிச்சு சறுக்கும், மேல கோழிவலை இழுத்து அடிக்கலாம், ஆனா முனை கம்பி எங்கயும் நீட்டிக்கிட்டு நிக்காம மடக்கி அடிக்கணும். ரெண்டு ஓரத்துலயும் ஒரு விளிம்புக்கட்டை வெச்சா சக்கரம் வெளிய உருளாது. உளுத்துப் போகாம இருக்க மருந்து ஏத்துன மரத்துண்டு மிச்சமானா எரிக்கவே எரிக்காதீங்க, அந்தப் புகை விஷம்.

மரங்க பக்கம் வேலை செய்யும்போது கை நிதானமா இருக்கணும். சாப்பாடு உறிஞ்சுற வேரெல்லாம் பெரும்பாலும் மேல் மண்ணுலயேதான் இருக்கு, கைமணிக்கட்டு கனத்துக்கு இருக்குற வேர வெட்டறதுக்கு முன்னாடி பாதையவே ஒரு அடி நகர்த்த முடியுமான்னு பாருங்க. நியூசிலாந்துல கௌரிங்கற பெரிய காட்டு மரங்கள ஒரு வேரழுகல் நோய் கொன்னுக்கிட்டிருக்கு, பைட்டோப்தோரா வகை கிருமி, செருப்புல ஒட்டுன துளி மண்ணு போதும் அது அடுத்த மரத்துக்கு போக, அதனாலதான் அங்க நடைபாதை வாசல்ல செருப்பு தேய்ச்சு கழுவுற இடம் வெச்சிருக்காங்க, வேர் மேல யாரும் மிதிக்காம பலகைப் பாதையும் போட்டிருக்காங்க. நம்ம இடத்துல அந்த நோய் இல்லாட்டியும் வாசல்ல ஒரு பிரஷ் வைக்கிறது நல்லது, களை விதையும் செருப்புல ஒட்டிக்கிட்டு வரும். கிளை கழிக்கிறது, புதர் வெட்டுறது எல்லாம் பறவை கூடு கட்டுற காலம் முடிஞ்சப்புறம் வெச்சுக்கோங்க.

குறுக்குவழி பத்தி ஒரு வார்த்தை. "இங்கே செல்லக்கூடாது"ன்னு போர்டு வெச்சா யாரும் நிக்க மாட்டாங்க. எதுக்கு குறுக்க போறாங்கன்னு அங்க கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்க, தண்ணி பாக்கணும்னு போறாங்கன்னா பாதையவே அங்க கொண்டு போயிடுங்க. வெறும் சோம்பேறித்தனத்துல வளைவ வெட்டிப் போறாங்கன்னா, ரெண்டு முனையிலயும் இறுகிப்போன மண்ண கடப்பாரையால கிளறி விட்டு, பட்ட கிளைய படுக்க வைக்காம நிமிர்த்தி நட்டு, சருகு போட்டு மூடுங்க, கண்ணுக்கு பாதைன்னு தெரியாத இடத்துல கால் போகாது.

இப்ப வசதிகளுக்கு வரேன். முதல்ல கழிப்பறை, அது இல்லன்னா பொம்பளைங்க, வயசானவங்க, சின்னக் குழந்தைங்களோட வர்றவங்க இவங்க யாரும் அரை மணி நேரத்துக்கு மேல இருக்க மாட்டாங்க, தாகமா இருந்தாலும் தண்ணி குடிக்காம நடப்பாங்க, இத பெரும்பாலும் ஆம்பளைங்களே இருக்குற கமிட்டி யோசிக்கறதே இல்லங்கறது என் வருத்தம். ஓடை, ஏரி, கிணறு எதுல இருந்தும் 60 மீட்டராவது தள்ளி இருக்கணும், நிலத்தடி நீர் மேலாப்புல இருந்தா குழி தோண்டாம மூடுன தொட்டி வைங்க. தண்ணி வசதி இல்லாத இடத்துக்கு 1970-கள்ல ஜிம்பாப்வேல உருவாக்குன காற்றோட்டக் குழாய் கழிப்பறை நல்ல மாடல், உள்ள இருட்டா வெச்சு, குழியில இருந்து கூரைக்கு மேல உயரமா ஒரு குழாய், அது உச்சியில வலை, நாத்தம் குழாய் வழியா மேல போயிடும், ஈ வெளிச்சத்த தேடி குழாய்ல ஏறி வலையில மாட்டி செத்துடும். கதவு தாழ்ப்பாள் உள்ள ஒழுங்கா விழுதான்னு மாசத்துக்கு ஒருதடவ கையால போட்டுப் பாருங்க.

பெஞ்சுக்கு சாய்மானமும் கைப்பிடியும் வேணும், உக்காருறதுக்கு இல்ல, முட்டி வலிக்கிறவங்க எழுந்திரிக்கறதுக்கு. தரையில இருந்து 45 செ.மீ. உயரம் சரியா இருக்கும். பக்கத்துல ஒரு சக்கர நாற்காலி நிக்க சமதரை விடுங்க, சேர்ந்து வந்தவங்க சேர்ந்து இருக்கட்டும். பட்ட மரத்துக்கு கீழ பெஞ்சு போடாதீங்க, ஏற்கனவே போட்டிருந்தா பெஞ்ச நகர்த்துங்க, மரத்த வெட்டாதீங்க, அந்தப் பொந்துல ஆந்தையோ மரங்கொத்தியோ குடியிருக்கும். குப்பைத்தொட்டி உள்ள எங்கயும் வேணாம், நிரம்பி வழிஞ்சா விலங்குதான் கிளறும், மூடி போட்டது ஒண்ணு வாசல்ல மட்டும்.

போர்டுல வரைபடம் போட்டா, நிக்கிறவர் பாக்குற திசை படத்துல மேல்பக்கமா இருக்கணும், வடக்கு மேலன்னு போட்டு மாட்டுனா பாதிப்பேர் எதிர்ப்பக்கம் போவாங்க. பாதைய நிறத்துல மட்டும் பிரிக்காதீங்க, சிவப்பும் பச்சையும் பிரிச்சுப் பாக்க முடியாதவங்க நிறைய பேர் இருக்காங்க, வட்டம், முக்கோணம்னு வடிவமும் சேர்த்து குடுங்க. "எளிதான பாதை"ன்னு மொட்டையா எழுதாம நீளம் எவ்வளவு, அதிகபட்ச சரிவு எவ்வளவு, ரொம்பக் குறுகலான இடம் எத்தன செ.மீ., தரை மண்ணா ஜல்லியா பலகையா, இத நாலு வரியில எழுதுங்க, தன்னால முடியுமா முடியாதான்னு அவங்கவங்க முடிவு பண்ணிப்பாங்க. சக்கர நாற்காலிக்குன்னு ஒரு பாதை ஒதுக்குனா 20-க்கு 1 சரிவுக்குள்ள, அதாவது 5 சதவீதத்துக்குள்ள, திரும்புறதுக்கு 1.5 மீட்டர் அகலம் அங்கங்க குடுத்து, வாசல்ல இருந்து கழிப்பறை வரைக்கும் அந்தப் பாதை அறுபடாம போகணும்.

100 மீட்டருக்கு ஒரு நம்பர் போட்ட கட்டை நடுங்க. கால் பிசகி விழுந்தவர் போன்ல "ஒரு பெரிய மரத்துக்கிட்ட இருக்கேன்"னு சொன்னா எங்க போய் தேடுறது, "7-ஆம் நம்பர் கட்டை"ன்னு சொன்னா நேரா போயிடலாம். உதவி எண்ணையும் அதே கட்டையில எழுதிடுங்க.

வேலை நாள்ல கடப்பாரை, மண்வெட்டி பிடிக்கிறவங்களுக்கு நடுவுல 3 மீட்டர் இடைவெளி கட்டாயம். புதுசா வந்தவங்கள சுமக்குற வேலைக்கு மட்டும் விடாம ஒரு தாழ்வையாவது முழுசா அவங்க கையாலயே போட விடுங்க, மழையில அது வேலை செய்யுதான்னு பாக்கவே அவங்க திரும்ப வருவாங்க.

ஒரு நோட்டு போட்டு கட்டை நம்பர் வாரியா எழுதுங்க, எப்ப போட்டது, யாரு பாத்தது, என்ன ஆச்சு. பருவத்தோட முதல் பெரிய மழை முடிஞ்ச மறுநாள் காலைல ஒரு மண்வெட்டியோட ஒரு சுத்து, வாய் திறந்து விட்ட இடத்துலயெல்லாம் சருகு அடைச்சிருக்கும், நாலு இழு இழுத்தா தேங்குன தண்ணி சலசலன்னு வெளிய போகும், அதுக்கு ஒரு டிக் போட்டுட்டு அடுத்த கட்டைக்கு நடங்க.