பழைய ஸ்டெல்த் ஆர்பிஜி கேம் வாங்கலாமா? முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டியூஸ் எக்ஸ் கேம் லிபர்ட்டி தீவின் படகுத்துறையில் தொடங்குகிறது. கையில் ஒரு கைத்துப்பாக்கி. கொஞ்ச தூரத்தில் ஆயுதம் ஏந்திய ஒருவன் முதுகைக் காட்டி நிற்கிறான். குறிவைத்துச் சுடுகிறோம், குண்டு அவன் தோளைத் தாண்டிப் போகிறது. இன்னொரு முறை சுடுகிறோம், அதுவும் படவில்லை. அதற்குள் அவன் திரும்பிவிட்டான், சத்தம் கேட்டு இன்னும் இருவர் ஓடி வருகிறார்கள். அரை நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது.

2000-ஆம் ஆண்டு வெளிவந்த இந்த கேமை நான் முதல் தடவை இந்த இடத்திலேயே மூடிவைத்தேன். பழசாகிவிட்டது, துப்பாக்கி கூட ஒழுங்காகச் சுடவில்லை என்று நினைத்தேன். பல வருடம் கழித்து மறுபடி எடுத்தபோதுதான் துப்பாக்கியில் ஒரு கோளாறும் இல்லை என்று புரிந்தது. சுடுவது நான் அல்ல, கதாபாத்திரம். அவன் இன்னும் சுடக் கற்றுக்கொள்ளவில்லை.

பதுங்கிப் போவதும் கதாபாத்திரத்தின் திறனை வளர்ப்பதும் சேர்ந்த ஸ்டெல்த் ஆர்பிஜி கேமை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான். அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

துப்பாக்கிச் சண்டையை வைத்து எடை போடுவது

ஒரு வீடியோவில் சண்டைக் காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டு, "எதிரிக்கு மூளையே இல்லை, குண்டும் படவில்லை" என்று முடிவு கட்டுவது மிக எளிது. ஆனால் இந்த வகை கேமில் சுடுவது பல வழிகளில் ஒன்று மட்டுமே. டியூஸ் எக்ஸில் ஒவ்வொரு திறனுக்கும் நான்கு நிலைகள் உண்டு. பயிற்சி குறைவாக இருந்தால் குறிவட்டம் அகலமாக விரிந்திருக்கும், அசையாமல் நின்றால்தான் மெதுவாகச் சுருங்கும். ஓடிக்கொண்டே சுடுபவருக்கு ஆரம்ப மணிநேரங்கள் நரகம்தான். நின்று, நிதானித்து, சுற்றுமுற்றும் பார்ப்பவருக்கு அதே இடம் வேறு மாதிரி திறந்துகொள்ளும்.

அந்த முதல் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலை என்னவோ சுதந்திர தேவி சிலைக்குள் நுழைந்து, மேலே இருக்கும் தீவிரவாதிகளின் தலைவனைப் பிடிப்பதுதான். முன்வாசல் வழியாகச் சண்டை போட்டுக்கொண்டு போகலாம். தீவின் மறுபக்கத் துறையில் ஒளிந்திருக்கும் உளவாளியைத் தேடிப் பிடித்துப் பேசினால் வாசல் சாவி கிடைக்கும். பின்பக்கம் அடுக்கியிருக்கும் பெட்டிகள் மேல் ஏறியும் உள்ளே போகலாம். மேலே போன பிறகு அந்தத் தலைவனைச் சுடாமல் அவன் சொல்வதை நின்று கேட்கவும் முடியும். கேட்டால், நம்மை அனுப்பியவர்கள் மேலேயே முதல் சந்தேகம் அங்கே விழும்.

இன்னொரு விஷயம்: இந்த கேமில் ஆட்களைக் கொன்றதற்காகத் திறன் புள்ளிகள் கிடைக்காது. மறைவான வழியைக் கண்டுபிடித்தால் கிடைக்கும், வேலையை முடித்தால் கிடைக்கும். 2004-இல் வந்த வாம்பயர்: த மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ் கேமிலும் இதே கதைதான். அனுபவப் புள்ளி பணிகளை முடித்ததற்கே தவிர, எண்ணிக்கை காட்டி ஆட்களை வீழ்த்தியதற்கு அல்ல. இதைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே போகிறவர் எல்லோரையும் சுட்டுத் தள்ளிவிட்டு, "நான் ஏன் வளரவே இல்லை?" என்று குழம்புவார்.

எனவே ட்ரெய்லரையும் ஐந்து நிமிடத் தொகுப்பையும் நம்பாதீர்கள். யாராவது முதல் கட்டத்தை வெட்டாமல் ஒட்டாமல் விளையாடிய அரைமணி நேரப் பதிவு ஒன்றைப் பாருங்கள். அவர் பதுங்கிக் காத்திருக்கும் நேரம் உங்களுக்கு அலுப்பாக இருக்கிறதா, இல்லை "அந்தக் காற்றுக் குழாய் எங்கே போகிறது?" என்று கேட்கத் தோன்றுகிறதா? விடை அதில் கிடைத்துவிடும்.

மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பது

அப்சிடியன் உருவாக்கி, சேகா 2010-இல் வெளியிட்ட ஆல்ஃபா புரோட்டோகால் இதற்கு நல்ல உதாரணம். வெளிவந்தபோது விமர்சனங்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து கிடந்தன. குறை சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. எதிரிகளின் அறிவு உண்மையிலேயே மந்தம், பதுங்குவதும் சுடுவதும் வழவழப்பாக இல்லை, கணினி பூட்டை உடைக்கும் சிறு ஆட்டம் மௌஸில் படு சிரமம்.

ஆனால் அந்த கேமின் உயிர் உரையாடலில் இருக்கிறது. ஒவ்வொரு பேச்சிலும் குறிப்பிட்ட நொடிகளுக்குள் எந்தத் தோரணையில் பதில் சொல்வது என்று முடிவெடுத்தாக வேண்டும். சவூதி அரேபியாவில் ஒரு ஆயுத வியாபாரியைப் பிடிக்கிறோம். அவனைக் கைது செய்யலாம், கொல்லலாம், மிரட்டிப் பேரம் பேசி விட்டுவிடலாம். என்ன செய்தோம் என்பதைக் கேம் மறப்பதில்லை, பின்னால் அது நம் முன்னே வந்து நிற்கும். அடுத்து வரும் ரோம், மாஸ்கோ, தைபே மூன்றையும் எந்த வரிசையில் போகிறோம் என்பதும் கதையைத் தொடும். ஒருவர் நம்மை வெறுத்தால் கூட அதற்கும் ஒரு பலன் உண்டு. இவ்வளவு தூரம் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்த உளவாளி கேம் இன்றும் அபூர்வம் என்பது என் கருத்து.

ஒரே எண் இந்த இரண்டு பக்கத்தையும் சொல்லாது. அதனால் மதிப்பெண்ணை விட்டுவிட்டுக் குறைகளைப் படியுங்கள், படிக்கும்போது அவற்றை இரண்டாகப் பிரியுங்கள். கேம் நின்றுபோவது, திரை அளவு பொருந்தாதது, ஒலி விட்டுவிட்டு வருவது எல்லாம் பேட்ச் (பிழை திருத்தும் சிறு கோப்பு) போட்டால் சரியாகக் கூடியவை. எதிரிகளின் மந்தம், சேவ் செய்யும் முறை, கட்டாயச் சண்டைகள் ஆகியவை கேமின் எலும்பிலேயே இருப்பவை, அவற்றை யாரும் மாற்றித் தரப் போவதில்லை. பிளட்லைன்ஸ் வெளிவந்தது ஹாஃப்-லைஃப் 2 வெளிவந்த அதே நாளில், அதுவும் பிழைகளோடு. அதன் பிழைகளில் பெரும்பாலானவற்றை ரசிகர்கள் பல வருடமாகத் திருத்திவிட்டார்கள். ஆனால் கடைசிப் பகுதியில் பேச்சும் பதுங்கலும் எடுபடாமல் சண்டை மேல் சண்டை வருவது அப்படியே இருக்கிறது. பேச்சுத் திறனில் மட்டும் புள்ளி போட்டவர் அங்கே திணறிப் போவார்.

இதன் மறுபக்கமும் தவறுதான். பழைய ரசிகர்களின் பாராட்டை அப்படியே விழுங்கக் கூடாது. இருபது வருடத்துக்கு முன் விளையாடியவர் தன் நினைவில் இருக்கும் கேமைப் பற்றித்தான் பேசுவார். சமீபத்தில் முதல் முறையாக விளையாடியவர் எழுதியதைத் தேடிப் படியுங்கள். அவர் எங்கே எரிச்சல்பட்டார் என்பதுதான் உங்களுக்கு வேண்டும்.

பெயரைப் பார்த்துப் பதிப்பைப் பார்க்காமல் விடுவது

2011-இல் வந்த டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன், யார் கண்ணிலும் படாமல், யாரையும் கொல்லாமல் விளையாட விடுகிறது. அப்படி விளையாடுபவருக்கு நடுநடுவே பாஸ் சண்டைகள், அதாவது பலமான முக்கிய எதிரிகளோடு வரும் சண்டைகள், இடியாக வந்து இறங்கின. நேருக்கு நேர் சுட்டே ஆக வேண்டும், பதுங்கலுக்குச் செலவிட்ட திறனெல்லாம் அங்கே வீண். அந்தச் சண்டைகள் வெளியே வேறொரு நிறுவனத்திடம் கொடுத்துச் செய்யப்பட்டவை, அது அப்பட்டமாகத் தெரியும். 2013-இல் வந்த டைரக்டர்ஸ் கட் பதிப்பில் அந்த இடங்களை விரிவாக்கி, ஹேக் செய்தும் மறைந்தும் வெல்ல வழி வைத்தார்கள். தனியாக விற்ற கூடுதல் அத்தியாயமும் கதைக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. முதல் பதிப்பில் திரை முழுவதும் இருந்த பொன்மஞ்சள் நிறச் சாயல் குறைந்துவிட்டது என்று வருந்துபவர்கள் உண்டு, எனக்கும் அதில் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் பதுங்கி ஆடும் ஆசையோடு வருபவர் டைரக்டர்ஸ் கட்டையே எடுக்க வேண்டும்.

அதே போல, ஒரே தொடர் என்பதால் எல்லாம் ஒரே தரம் என்று நினைக்க வேண்டாம். 2003-இல் வந்த இரண்டாம் பாகமான இன்விசிபிள் வார் கேமில் திறன் புள்ளி முறையே கிடையாது. எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே வகைத் தோட்டா, சிறுசிறு அறைகள், அடிக்கடி லோடிங். முதல் பாகத்தின் சுவையைத் தேடி அதை வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

உங்கள் கணினியில் ஓடுமா என்று பார்க்காமல் வாங்குவது

பழைய கேம்தானே, எந்தக் கணினியிலும் ஓடும் என்ற நினைப்பு பல பேரைக் கவிழ்த்திருக்கிறது. கணினி வேகமாக இருப்பதே சில நேரம் பிரச்சினை. முதல் டியூஸ் எக்ஸில் ஃப்ரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பது) கட்டுமீறினால் ஆட்டத்தின் வேகமும் தாறுமாறாகும், அதற்கு வரம்பு வைக்க வேண்டும். பெரிய திரையில் எழுத்துகள் எறும்பு போலத் தெரியும். இதற்கெல்லாம் ரசிகர்கள் செய்த லாஞ்சர்கள் (கேமைச் சரியான அமைப்போடு திறந்துவிடும் சிறு நிரல்கள்) இருக்கின்றன, போடுவதும் கடினம் அல்ல. ஆனால் வாங்கும்முன் கேமின் பெயரோடு உங்கள் விண்டோஸ் பதிப்பையும் சேர்த்து ஒரு முறை தேடிவிடுங்கள்.

எங்கே வாங்குகிறோம் என்பதும் முக்கியம். பிளட்லைன்ஸை ஜிஓஜி என்ற கேம் விற்கும் தளத்தில் வாங்கினால் ரசிகர்களின் அடிப்படைத் திருத்தம் ஏற்கெனவே சேர்ந்தே வருகிறது.

பணத்தைத் திரும்பப் பெறும் விதிகளையும் கவனியுங்கள். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். ஜிஓஜியில் 30 நாள் வரை அவகாசம், ஓட்டிப் பார்த்திருந்தாலும் பரவாயில்லை. இந்த வகை கேமுக்கு அந்த இரண்டு மணி நேரம் போதவே போதாது. திரை அளவு, பட்டன் அமைப்பு என்று திருத்திக்கொண்டிருப்பதிலேயே முக்கால் மணி நேரம் போய்விடும், கேம் திறந்திருக்கும்வரை அந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். என்ன மாற்ற வேண்டும் என்று முன்கூட்டியே படித்துக் குறித்து வைத்துக்கொண்டு, அப்புறம் கேமைத் திறங்கள்.

முதல் நாளே மோட் குவிப்பது

பிழை திருத்தும் பேட்ச் வேறு, கேமையே மாற்றும் மோட் வேறு. ரிவிஷன் என்ற மோட் முதல் டியூஸ் எக்ஸின் இடங்களையும் இசையையும் மாற்றியமைக்கிறது. நல்ல உழைப்புதான், ஆனால் மூலத்தை அறிந்தவருக்கே அது இனிக்கும். பிளட்லைன்ஸ் திருத்தத்திலும் அடிப்படை, பிளஸ் என்று இரண்டு உண்டு. பிழைகளை மட்டும் நீக்கும் அடிப்படைத் திருத்தம் முதல் ஆட்டத்துக்குப் போதும்.

பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது

ஆல்ஃபா புரோட்டோகால் 2019-இல் டிஜிட்டல் கடைகளிலிருந்து காணாமல் போனது. உள்ளே வரும் இசையின் உரிமம் முடிந்ததுதான் காரணம். 2024-இல்தான் ஜிஓஜியில் திரும்பி வந்தது. நடுவில் ஏறக்குறைய ஐந்து வருடம், விரும்பியவர்கள் யாரும் அங்கே நேர்வழியில் வாங்க முடியவில்லை. உரிமம் பெற்ற பாட்டு, வாகனம், பிறருக்குச் சொந்தமான கதையுலகம் இருக்கும் பழைய கேம்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. விளையாடப் போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தால், தள்ளுபடி வரும்போது எடுத்து வைத்துவிடுவது நல்லது. அதற்காக மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத இடத்தில் கீ (கேமைத் திறக்கும் குறியீடு) வாங்க வேண்டாம்.

தன் சுபாவத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

கேமைப் பற்றி ஆயிரம் படிப்போம், நாம் எப்படி விளையாடுவோம் என்று யோசிக்க மாட்டோம். ஒவ்வொரு சின்னத் தவறுக்கும் பழைய சேவுக்குத் திரும்பும் பழக்கம் உள்ளவரா நீங்கள்? டியூஸ் எக்ஸும் ஹியூமன் ரெவல்யூஷனும் கிட்டத்தட்ட எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்ய விடும். ஆல்ஃபா புரோட்டோகால் விடாது. கேம் தானே சேவ் செய்யும் செக்பாயின்ட் வைத்த இடம்தான் இடம், சொன்ன வார்த்தை சொன்னதுதான். அது சிலருக்குச் சிறை, எனக்கு அதுதான் அந்த கேமின் சுவை.

எல்லா மூலையையும் துழாவாமல் நகர மாட்டேன் என்பவரா? ஹியூமன் ரெவல்யூஷன் தொடக்கத்தில் பிணைக்கைதிகளை மீட்க ஹெலிகாப்டர் காத்திருக்கிறது என்று சொல்வார்கள். வழக்கம் போல அலுவலகம் முழுவதும் சுற்றி, மேசை மேசையாகத் திறந்து, எல்லோருடைய மின்னஞ்சலையும் படித்துவிட்டுப் போனால், அதற்குள் பிணைக்கைதிகள் இறந்திருப்பார்கள். சொன்ன அவசரம் நிஜமான அவசரம். எனக்கு அன்று நெஞ்சு அடைத்தது. அந்த கேம் மேல் மரியாதை வந்ததும் அப்போதுதான்.

எப்படி வேண்டுமானாலும் விளையாடலாம் என்று விளம்பரம் சொன்னாலும், புள்ளிக் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் பாருங்கள். ஹியூமன் ரெவல்யூஷனில் ஒரு கட்டத்தை யார் கண்ணிலும் படாமல் முடித்தால் 500 புள்ளி, அலாரம் அடிக்காமல் முடித்தால் 250. துப்பாக்கியோடு புகுபவருக்கு இந்த இரண்டும் பெரும்பாலும் கைநழுவிப் போகும். பரபரப்பான சண்டைதான் வேண்டும் என்றால், தயங்காமல் வேறு கேமுக்குப் போங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

இந்த வகைக்கே புதியவர் என்றால் ஹியூமன் ரெவல்யூஷன் டைரக்டர்ஸ் கட்டில் தொடங்குங்கள், கைக்கு அதிகம் பழக வேண்டியிருக்காது. அது பிடித்தால் முதல் டியூஸ் எக்ஸ். அதில் கைத்துப்பாக்கித் திறனில் புள்ளி போடுங்கள், நீச்சலில் போட்டு வீணாக்காதீர்கள். பேச்சும் துரோகமும் நிறைந்த கதை பிடிக்கும் என்றால் ஆல்ஃபா புரோட்டோகால். பிளட்லைன்ஸ் எடுப்பவர்கள் முதல் ஆட்டத்தில் நோஸ்ஃபெராட்டு என்ற கோர முகம் கொண்ட வாம்பயர் குலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்த முகத்தோடு தெருவில் நடமாட முடியாது, சாக்கடை வழியாகவே ஊரைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த ஊரின் இரவுத் தெருக்களை முதலில் நிமிர்ந்து நடந்து பார்த்துவிடுங்கள்.