கீழாநெல்லி மோர்: செடியைப் பிடுங்குவதிலிருந்து குடிப்பது வரை

ஆயுர்வேதம் கல்லீரலுக்குச் சொல்லும் மூலிகைகளில், தேடி அலையாமல் நம் வாசலிலேயே கிடைப்பது கீழாநெல்லி. வடமொழியில் பூம்யாமலகி. அரைப்பது சுலபம். சரியான செடியைப் பிடுங்குவதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

கண்ணோ சிறுநீரோ மஞ்சளாக இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். காமாலை வைரஸால் வரும், குடியால் வரும், பித்தக்கல் குழாயை அடைத்தாலும் வரும். கல்லுக்கு மோர் என்ன செய்யும்?

சரி, செடி. மழைக்குப் பின் வரப்பிலும் காலி மனையிலும் ஒரு முழ உயரத்துக்கு வளர்ந்திருக்கும். இலைகள் வரிசையாக இருக்கும் ஈர்க்கைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள், சின்னக் காம்போடு தொங்கும். தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் ஒட்டிச் சொரசொரவென்று இருந்தால் அது வேறு இனம். கிள்ளிய இடத்தில் பால் வடிந்தால் கீழாநெல்லியே இல்லை, எறிந்துவிடுங்கள். இருட்டினால் இலை மூடிக்கொள்ளும் என்பதால் காலையில் பறிப்பது நல்லது. மருந்தடித்த வயலும் சாக்கடை ஓரமும் வேண்டாம்.

வேரோடு ஒரு கைப்பிடி எடுத்து, மண் போக நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். வேரில்தான் மண் ஒளிந்திருக்கும். அம்மியிலோ மிக்ஸியிலோ கொஞ்சம் தண்ணீர் விட்டு மைய அரையுங்கள். கொட்டைப்பாக்கு அளவு விழுதை ஒரு டம்ளர் புளிக்காத மோரில் கலக்கி, காலையில் வெறும் வயிற்றில் குடிப்பது வழக்கம். கசக்கும், சர்க்கரை போடாதீர்கள். அன்றன்றைக்கு அரைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.

அப்புறம், கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் பி. சென்னையில் நுண்ணுயிரியல் ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனும், அந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற பிளம்பர்க்கும் சேர்ந்து செய்த ஆய்வு 1988இல் வந்தது. கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால் மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மோரை நம்பாதீர்கள். குழப்பமோ, ஓயாத வாந்தியோ, வயிறு வீக்கமோ தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.