எதிரி கூண்டேறிப் பேசும் நாள்: கொலை வழக்கைக் கவனிக்கும் ஊராருக்கு ஒரு வழிகாட்டி

கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் (நீதிமன்ற மொழியில் 'எதிரி') நீதிமன்றத்தில் வாய் திறக்கும் நாளில், நீதிபதி தீர்ப்பெழுத இன்னும் வாரக்கணக்கில் இருக்கும்போதே, ஊர் அன்று மாலைக்குள் தன் தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறது. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் அந்தத் தீர்ப்பு தேநீர்க் கடையில் தொடங்கி, கல்யாண வீட்டுப் பந்தியில் வளர்ந்து, வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் உறுதிப்படுகிறது. ஊர் பேசத்தான் செய்யும். மக்கள் பார்க்கட்டும் என்றுதான் சட்டமும் நீதிமன்றக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. எதைக் கேட்டுவிட்டு, எதை வைத்துப் பேசுவது என்பதற்கான சில வழிகளே கீழே சொல்லப்படுகின்றன.

இயன்றவர்கள் நேரில் சென்று கேட்பதே முதல் வழி. கொலை வழக்கை மாஜிஸ்திரேட் விசாரித்து முடிக்க இயலாது. அவர் அதை அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைப்பார். ஆகவே காரைக்குடி, தேவகோட்டைப் பகுதி வழக்குகள் சிவகங்கை மாவட்ட அமர்வுப் பிரிவிலும், திருமயம், பொன்னமராவதிப் பக்கத்து வழக்குகள் புதுக்கோட்டை மாவட்ட அமர்வுப் பிரிவிலும் நடைபெறும். இடம் இருக்கும் வரை பொதுமக்கள் உள்ளே அமரலாம். குறிப்பிட்ட வழக்கில் நீதிபதி வெளியேறச் சொன்னால் வெளியேறிவிட வேண்டும். கைப்பேசியை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் அமர்வது நல்லது. சாட்சி சொல்பவர் தெரிந்தவராக இருந்தாலும் அவரைப் பார்த்துத் தலையசைப்பதோ சிரிப்பதோ கூடாது. சிறிய ஊர்களில் அந்தத் தலையசைப்புக்கு எத்தனை பொருள் உண்டு என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்ததாக, குற்றம் சாட்டப்பட்டவர் எங்கே, எந்த நிலையில் பேசியதைப் பற்றி நாம் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஊர்ப்பேச்சில் விளையும் குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. கைதான மறுநாள் நாளிதழில் 'பரபரப்பு வாக்குமூலம்' என்று வருவது காவல் நிலையத்தில் அவர் சொன்னதாகக் காவல்துறை சொல்வது. காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதலை எதிரிக்கு எதிராக மெய்ப்பிக்க இயலாது என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, அதன் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் இருக்கிறது. அவர் சொன்னதைக் கொண்டு கிணற்றிலிருந்தோ கண்மாய்க் கரையிலிருந்தோ ஆயுதம் எடுக்கப்பட்டிருந்தால், அந்தக் கண்டெடுப்போடு நேராகத் தொடர்புடைய சொற்கள் மட்டும் சாட்சியமாகும். 'அவனே ஒத்துக்கொண்டானே' என்று இரண்டு ஆண்டுகளாக ஊர் சொல்லிவரும் சங்கதி நீதிமன்றப் பதிவில் ஒரு வரியாகக்கூட இடம்பெறாமல் போவதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது நிலை, வழக்கறிஞர்கள் 'முந்நூற்றுப் பதின்மூன்று' என்று குறிப்பிடும் கட்டம். அரசு தரப்புச் சாட்சிகள் முடிந்தபின், தமக்கு எதிராக வந்திருக்கும் ஒவ்வொரு சாட்சியத்தையும் பற்றி எதிரியிடம் நீதிபதியே கேட்பார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 313ஆம் பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 351ஆம் பிரிவு. இங்கே சத்தியப் பிரமாணம் கிடையாது, குறுக்கு விசாரணையும் கிடையாது. பதில் சொல்ல மறுத்தாலும் பொய்யாகச் சொன்னாலும் அதற்காகத் தண்டிக்க இயலாது. ஆனால் சொன்ன பதிலை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம். பெரும்பாலான வழக்குகளில் கேள்விக்குக் கேள்வி 'பொய்', 'தெரியாது' என்ற சொற்களே பதிலாக வரும். அதைக் கேட்டுவிட்டு, நெஞ்சழுத்தக்காரன் என்று முடிவுகட்டுவது பொருத்தமன்று. பெரும்பாலும் அது வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்த பதிலே.

மூன்றாவது நிலைதான் அரிதானது. எதிரி தாமே எழுத்து மூலம் கேட்டுக்கொண்டு, தம் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து பேசுவது அது. பழைய சட்டத்தில் 315ஆம் பிரிவு, இப்போது 353. இந்த உரிமை வெகு காலமாக இருந்துவருவதும் அன்று. 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொல்லப்பட்ட வழக்கில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் விசாரிக்கப்பட்டபோது தமிழகமே அந்த வழக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. ஆனாலும் தாங்களே சத்தியம் செய்து சாட்சி சொல்ல அன்றைய சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. 1955ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகே அந்த வாயில் திறந்தது. அவர்கள் இருவரும் 1945இல் தண்டிக்கப்பட்டு, 1947இல் விடுதலையானார்கள். இடைப்பட்ட காலத்தில் ஊருக்கு ஊர் எத்தனை தீர்ப்புகள் சொல்லப்பட்டிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

கூண்டில் ஏற மறுப்பதும் எதிரியின் உரிமையே. தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 20(3) கூறு சொல்கிறது. ஏறாததைக் குறித்து அரசு தரப்போ நீதிபதியோ கருத்துச் சொல்வதற்கும் தடை உண்டு. 'தப்புச் செய்யாதவன்னா தைரியமா ஏறிச் சொல்ல வேண்டியதுதானே' என்று திண்ணையில் எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் கூண்டில் ஏறியவர் தேர்ந்த அரசு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக்கு முகம் கொடுக்க வேண்டும். தேதிகளும் நேரங்களும் நினைவில் தடுமாறும் ஓர் எளிய மனிதர், குற்றமற்றவராக இருந்தும் அங்கே சிக்கிக்கொள்ளக்கூடும்.

அப்படி ஏறிப் பேசினால் எப்படிக் கேட்பது? ஒரு வழக்கை நாமே கற்பனை செய்துகொள்வோம். ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீடு. குடும்பத்தார் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு வந்து தங்கிய முதியவர் ஒருவர் வீட்டு முற்றமான வளவிலேயே கொல்லப்படுகிறார். வீட்டைப் பார்த்துக்கொள்பவர்மேல் வழக்கு. அவர் கூண்டில் ஏறி, அன்றிரவு குன்றக்குடியில் மகள் வீட்டில் இருந்ததாகச் சொல்கிறார். வெளியே வந்ததும் முதலில் எழும் பேச்சு, 'அண்ணே, ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே, பாத்தீகளா?' என்பதாகத்தான் இருக்கும். கண்ணீர் வந்திருந்தால் அதை நடிப்பு என்றிருப்பார்கள். கூண்டில் நிற்பவரின் முகம் பார்ப்பவரின் முன்முடிவுக்கு ஏற்றபடியே தெரியும். சாட்சியின் நடத்தையைக் குறித்துவைக்கச் சட்டம் நீதிபதிக்கு இடம் தந்திருந்தாலும், அதை மட்டும் கொண்டு ஒரு கொலை வழக்கைத் தீர்மானித்துவிட இயலாது.

முகத்தை விட்டுவிட்டு, அந்தக் கூற்று முதன்முதலில் எப்போது சொல்லப்பட்டது என்பதைப் பாருங்கள். குன்றக்குடியில் இருந்தது உண்மையானால், அவருடைய வழக்கறிஞர் புலன்விசாரணை அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்த நாளிலேயே அதைக் கேட்டிருப்பார். 313ஆம் பிரிவின்படி நீதிபதி கேட்ட கேள்விகளுக்கான பதிலிலும் அது வந்திருக்கும். எல்லாச் சாட்சிகளும் முடிந்தபின் கூண்டில்தான் முதன்முறையாக வெளிவருகிறது என்றால் அதன் எடை குறையும். அதன்பின், மகளும் அண்டை வீட்டாரும் சாட்சி சொன்னார்களா, கைப்பேசிக் கோபுரப் பதிவு எந்த இடத்தைக் காட்டுகிறது, மருத்துவர் கணித்த மரண நேரம் பேருந்து நேரத்தோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்.

சொன்னது பொய் என்றே தெரிந்துவிட்டாலும் அத்தோடு வழக்கு மெய்ப்பிக்கப்பட்டதாகிவிடாது. 1984ஆம் ஆண்டு ஷரத் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சந்தர்ப்ப சாட்சியத்தின் (நேரில் கண்டவர் இல்லாதபோது சூழ்நிலைகளைக் கோத்துக் காட்டும் சாட்சியத்தின்) சங்கிலியில் விடுபட்ட கண்ணியை எதிரியின் பொய்யைக் கொண்டு நிரப்ப இயலாது என்று தெளிவாக்கியது. அரசு தரப்பு தன் சங்கிலியைத் தானே முழுமையாக்க வேண்டும். நம் கற்பனை வழக்கில், அந்த மனிதர் அன்றிரவு வேறு எங்கோ போயிருந்து, சொல்ல வெட்கப்பட்டு மகள் வீட்டைச் சொல்லியிருக்கவும் கூடும். ஆளை அறிந்த ஊர் இதை யோசிக்காமல், கூலிக்கு வீடு பார்ப்பவர்மேல் முதலில் பாய்வதற்கு, சாட்சியத்தைக் காட்டிலும் அவருடைய நிலையே காரணமோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

எதிரியே செயலை ஒப்புக்கொண்டு, தற்காப்புக்காகவோ திடீர்க் கோபத்திலோ செய்ததாகச் சொல்லும் வழக்குகள் வேறு வகை. சட்டம் தரும் அந்த விலக்கை நிலைநாட்டும் பொறுப்பு எதிரியுடையது; ஆனால் அரசு தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிறுவ வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். இங்கே பொருள்களின் சாட்சியம் சொல்லைவிட உரக்கப் பேசும். 1959இல் பம்பாயில் பிரேம் அகுஜாவைச் சுட்ட கடற்படை அதிகாரி நானாவதி, கைகலப்பில் துப்பாக்கி தானாக வெடித்ததாகச் சொன்னார். 'பிளிட்ஸ்' வார இதழ் அவருக்காகப் பிரசாரமே நடத்தியது. அன்றைய முறைப்படி தீர்ப்புச் சொல்ல அமர்ந்த பொதுமக்களான ஜூரிகளும் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவரைக் குற்றமற்றவர் என்றார்கள். ஆனால் குளித்துவிட்டு வந்த அகுஜாவின் இடுப்பில் இருந்த துண்டு, கைகலப்பு நடந்ததாகச் சொல்லப்பட்ட பிறகும் அவிழாமல் அப்படியே இருந்தது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1961இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

குறுக்கு விசாரணையைப் படிக்கும் முறையை அறிந்திராதவர்கள் எளிதில் ஏமாறுவார்கள். நம் நீதிமன்றங்களில் கேள்வியும் பதிலும் கலந்து, '... என்று சொன்னால் சரிதான்', '... என்று சொன்னால் சரியல்ல' என்ற வடிவில் பதிவாகும். 'நான் பணத்துக்காகக் கொலை செய்தேன் என்று சொன்னால் சரியல்ல' என்ற வரியில், பணத்துக்காகக் கொலை என்பது வழக்கறிஞரின் ஊகம்; சாட்சி அதை மறுத்துவிட்டார். அந்த ஊகத்தை மட்டும் வெட்டியெடுத்து, நீதிமன்றத்தில் வெளிவந்த தகவல் என்று சிலர் பரப்புகிறார்கள். மறுக்கப்பட்ட கேள்வி எதையும் மெய்ப்பிப்பதில்லை.

எதிரியின் சாட்சியத்தில் பெரும்பகுதி இறந்தவரைப் பற்றியதாக இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இறந்தவர் கடன் வாங்கினார், மிரட்டினார், தவறாக நடந்தார் என்று சொல்லப்படும். மறுத்துச் சொல்ல அவர் இல்லை. 1952 ஆகஸ்டில் இலங்கைக்குச் செல்லும் பயணிகளுக்கான ரயிலில், மானாமதுரை நிலையத்தில், தலையற்ற உடல் அடைத்த பெட்டி கண்டெடுக்கப்பட்ட ஆளவந்தார் வழக்கில், இறந்தவரின் ஒழுக்கமே பேச்சின் பெரும்பகுதியை நிரப்பியது. குற்றம் சாட்டப்பட்ட தம்பதியில் கணவனுக்கு ஏழு ஆண்டும் மனைவிக்கு மூன்று ஆண்டும் தண்டனை கிடைத்தன. செட்டிநாட்டில் கொல்லப்பட்டவரின் வீட்டாரும் எதிரியின் வீட்டாரும் ஒரே கோயில் படியேறுபவர்களாக இருப்பது அரிதன்று. நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட ஏச்சை, 'எதிரி தரப்பு இவ்வாறு சொன்னது' என்ற முன்சொல் இல்லாமல் யாரும் வெளியே கொண்டுவரக் கூடாது.

எழுதுவதற்கும் எல்லை உண்டு. விசாரணையை நேர்மையாகவும் பிழையின்றியும் எழுதுவது நீதிமன்ற அவமதிப்பாகாது என்று 1971ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நிலுவையில் உள்ள வழக்கின் போக்கில் குறுக்கிடும் எழுத்து அவமதிப்பாகலாம். சிறார்களின் அடையாளம் வெளிவரவே கூடாது. இன்னும் சாட்சி சொல்லாதவரின் பெயரையும் தெருவையும் குழுவில் போடுவதுதான் எல்லாவற்றிலும் கெடுதல் மிகுந்தது. பிறழ்சாட்சிகள் (முன்பு சொன்னதிலிருந்து நீதிமன்றத்தில் பின்வாங்கும் சாட்சிகள்) உருவாவதற்குப் பணமும் மிரட்டலும் மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். நாளை மளிகைக் கடையில் எதிர்ப்படப்போகும் முகங்களை எண்ணியே பலர் பின்வாங்குகிறார்கள். அச்சுறுத்தல் இருந்தால், 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்குச் சாட்சி விண்ணப்பிக்கலாம்.

தீர்ப்பு வந்ததும் தலைப்புச் செய்தியோடு நிறுத்திக்கொள்ளாமல், 'இ-கோர்ட்ஸ்' செயலியில் வழக்கின் பதினாறு இலக்கச் சி.என்.ஆர். எண்ணை இட்டுத் தீர்ப்பைத் தேடுங்கள். எதிரியின் விளக்கத்தை நீதிபதி எந்தப் பத்தியில் எடுத்துக்கொள்கிறார், ஏற்றாரா, ஏன் தள்ளினார் என்பதை முதலில் படியுங்கள். அந்த விளக்கத்தைத் தீர்ப்பு கண்டுகொள்ளவே இல்லையென்றால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீட்டின்போது அதுவே முதன்மை வாதமாகக்கூடும். விடுதலைத் தீர்ப்பானால், இறந்தவரின் சட்டப்படியான வாரிசுகளுக்கும் மேல்முறையீட்டு உரிமை உண்டு.