கத்த வேண்டாம், முகத்தைக் காட்டுங்கள்

எனக்கு இரண்டு காதிலும் மெஷின். பதினைந்து வருஷமாகிறது. இத்தனை வருஷத்தில் நான் அதிகம் பார்த்த காட்சி ஒன்றுதான்: நான் "என்ன?" என்பேன், எதிரில் இருப்பவர் அதே வாக்கியத்தை இரண்டு மடங்கு சத்தத்தில், நெற்றி நரம்பு புடைக்கச் சொல்வார், அப்போதும் எனக்குப் புரியாது, அவருக்குக் கோபம் வந்துவிட்டது என்பது மட்டும் நன்றாகப் புரியும். உங்கள் வீட்டில் யாருக்காவது காது மந்தமாகிக்கொண்டு வருகிறது என்றால் இந்தக் காட்சியைத் தவிர்க்க என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஏன் கத்தி பிரயோஜனம் இல்லை என்று பார்ப்போம். கேட்காமல் போவதை ரேடியோவில் வால்யூமைக் குறைத்த மாதிரி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. வயதாலோ இரைச்சலாலோ காது போகும்போது முதலில் போவது கீச்சென்ற ஒலிகள். அ, ஆ, ஓ எல்லாம் தாழ்ந்த, கனமான ஒலிகள், அவை எப்படியோ வந்து சேர்ந்துவிடும். ச, ஸ, த மாதிரி மெல்லியவை வழியிலேயே காணாமல் போகும். "சாவி எங்கே?" என்று நீங்கள் கேட்டால் எனக்கு "ஆவி எங்கே?" என்று வந்து விழும். உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவில் ஒலியைப் பிடிக்கும் மயிரணுக்கள் மனிதருக்கு ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. இதில் இன்னொரு சங்கடம், மெல்லிய ஒலி கேட்காத அதே காதுக்குச் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினால் சட்டென்று காதைப் பிய்க்கும். அதனால்தான் தாத்தா "கேட்கலை, கேட்கலை" என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிஷமே "ஏன் கத்துறே?" என்கிறார். நடிப்பு இல்லை அது.

காதுப் பரிசோதனை முடிந்ததும் கையில் தரும் ஆடியோகிராம் தாளை நீங்களும் ஒருமுறை பாருங்கள். இடப்பக்கம் 250 ஹெர்ட்ஸ், அதாவது கனமான ஒலி, வலப்பக்கம் 8000, கீச்சென்ற ஒலி. சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு வலப்பக்கம் போகப்போகச் சரிந்து இறங்கினால், மேலே சொன்ன சாவி-ஆவி கதைதான்.

சரி, அப்போது எப்படித்தான் பேசுவது? பக்கத்தில் வாருங்கள். தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறைகிறது, அடுத்த அறையிலிருந்து கூப்பிடும் குரலை எந்த மெஷினாலும் மீட்டுத் தர முடியாது. உங்கள் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் நீங்கள் ஒரு கருப்பு நிழல், அவ்வளவுதான். வாயைக் கையால் மூடாதீர்கள். கூப்பிட வேண்டுமென்றால் தோளை லேசாகத் தொடலாம், கண் படும் இடத்தில் கை அசைக்கலாம், லைட்டை அணைத்துப் போடலாம். பின்னாலிருந்து வந்து பிடித்து இழுப்பது மட்டும் வேண்டாம், உயிரே போய்விடும். "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்கிறோமே, ஊதியவர் முன்னால் வந்து நின்று ஊதியிருந்தால் ஊதுகிறார் என்றாவது தெரிந்திருக்கும்.

உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார்கள் என்றும் நம்பிவிடாதீர்கள். கண்ணாடி முன் நின்று, குரலை வெளியே விடாமல் "அப்பா" என்று சொல்லுங்கள், பிறகு "அம்மா" என்று சொல்லுங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றுதான். பணம், மணம், மனம் மூன்றும் அப்படியே. க, ங எல்லாம் தொண்டைப் பக்கம் நடக்கிற காரியம், வெளியே தெரியவே தெரியாது. ஆக உதடு பாதியைத்தான் தரும், மீதியைச் சந்தர்ப்பத்தை வைத்து ஊகிக்கிறோம். அந்தச் சந்தர்ப்பத்தை நீங்கள் முதலிலேயே கொடுத்துவிட்டால் எங்கள் வேலை பாதி குறையும்: "நாளைக்கு ஊருக்குப் போறது பத்தி" என்று தலைப்பைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வாருங்கள். ஒருமுறை திருப்பிச் சொல்லியும் புரியவில்லையா, சொற்களை மாற்றிச் சொல்லுங்கள். "பணம் எடுத்தாச்சா?" விழவில்லை என்றால் "பேங்குக்குப் போனீங்களா?" விழலாம். மணி, தேதி, விலாசம், மருந்தின் அளவு இதையெல்லாம் எழுதிக் காட்டிவிடுவது நல்லது.

இன்னொன்று, "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். நாங்கள் தலையாட்டிவிடுவோம். மூன்றாம் முறை "என்ன?" என்று கேட்கக் கூச்சமாக இருக்கும், சிரித்துத் தலையாட்டினால் தப்பித்துவிடலாம் என்று தோன்றும். ஒரு நண்பர் தன் அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் சிரித்த முகத்தோடு "ரொம்ப நல்லது" என்றேன். அவர் முகம் மாறியதை இன்னும் மறக்க முடியவில்லை. அதற்குப் பதிலாக "அப்போ எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்று கேளுங்கள், புரிந்ததா இல்லையா என்று பதிலிலேயே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட வலிக்கிறது எதுவென்றால், எல்லோரும் சிரிக்கிறார்கள், என்ன என்று கேட்கிறோம், "ஒண்ணுமில்லை, விடு" என்கிறார்கள். அந்த நகைச்சுவை மொக்கையாகவே இருக்கட்டும், அது மொக்கை என்று நாங்களே தெரிந்துகொள்கிறோம், சொல்லுங்கள். கூட்டமாக உட்காரும்போது எல்லா முகமும் தெரிகிற மாதிரி, சுவருக்கு முதுகு காட்டும் இடத்தை அவருக்குக் கொடுங்கள், டிவியை அணையுங்கள், ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாமல் இருங்கள் (எந்தக் குடும்பத்தில் நடக்கும் என்று கேட்காதீர்கள்). பேச்சை எழுத்தாக்கும் செயலியை போனில் திறந்து மேஜை மேல் வைத்தால் ஓரளவு உதவும், பெயர்களைக் கொத்துக்கறி போட்டாலும். சாயங்காலமானால் நான் மெஷினைக் கழற்றி வைத்துவிடுவேன். நாள் முழுக்க ஊகித்து ஊகித்து மூளை களைத்திருக்கும், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மெஷின் புதிதாக வாங்கியவருக்கு. முதல் நாள் உங்கள் குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வருவது போலிருக்கும், காகிதம் மடிக்கிற ஓசை பட்டாசு மாதிரி வெடிக்கும். பயந்து கழற்றி அலமாரியில் வைத்துவிட்டால் அது அங்கேயே தூங்கும். அமைதியான அறையில் சில மணி நேரம் என்று ஆரம்பித்து நாளுக்கு நாள் கூட்டுங்கள், மூளை பழகச் சில வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். எந்த இடத்தில் எது கேட்கவில்லை என்று குறித்துக்கொண்டு போய் இரண்டு மூன்று முறை ட்யூனிங் செய்துகொள்ளுங்கள். ஜிங்க்-ஏர் பேட்டரி என்றால் ஸ்டிக்கரை உரித்த உடனே போடாமல் ஓரிரு நிமிஷம் காற்றில் வையுங்கள், காற்று உள்ளே போனால்தான் அது வேலை செய்யும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் ஆபத்து. மெஷின் விசில் அடித்தால் காதில் சரியாகப் பொருந்தவில்லை என்றோ அழுக்கு அடைத்திருக்கிறது என்றோ அர்த்தம். ஒலியே வரவில்லையா, ரிப்பேருக்கு ஓடுவதற்கு முன் அழுக்கு வடிகட்டியை மாற்றிப் பாருங்கள்.

ஒரு காது ஒரே நாளில் திடீரென்று கேட்காமல் போனால் சளி அடைப்பு என்று வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், இதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை தாமதமாகத் தாமதமாகப் பலன் குறைந்துகொண்டே போகும்.

அப்புறம் சைகை மொழி. நான் தாமதமாகத்தான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன், முன்பே செய்திருக்கலாம். உலகம் முழுக்க ஒரே சைகை மொழி என்பது தவறு. ஆங்கிலம் பேசும் அமெரிக்காவின் சைகை மொழிக்கு உறவு பிரான்சின் சைகை மொழியோடு, பிரிட்டனுடையது முற்றிலும் வேறு. இது வெறும் கையசைப்பு இல்லை, இலக்கணமுள்ள மொழி என்று அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி 1960-இல் எழுதிக் காட்டினார். அதற்கு முன், 1880-இல் இத்தாலியின் மிலானில் கூடிய காது கேளாதோர் பள்ளி ஆசிரியர்கள் மாநாடு, பள்ளிகளில் சைகை வேண்டாம், வாய்ப்பேச்சுதான் என்று தீர்மானம் போட்டு, பல தலைமுறைக் குழந்தைகளின் கைகளைக் கட்டிப்போட்டது. அதற்கு வருத்தம் தெரிவிக்க 2010-இல் கனடாவின் வான்கூவரில் அதே மாநாடு கூடும் வரை ஆனது. சைகை மொழியிலேயே வளர்ந்தவர்களுக்குத் தங்கள் சமூகம் ஊனமுற்றோர் கூட்டம் இல்லை, தங்கள் மொழி பேசும் தங்கள் ஆட்கள். அவர்களிடம் "செவிடு", "ஊமை" என்ற சொற்களை எடுக்காதீர்கள், காது கேளாதவர் என்றால் போதும்.

அவர்களோடு பேசும்போது முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளாதீர்கள், பல சைகை மொழிகளில் புருவத்தை உயர்த்துவதுதான் கேள்விக்குறி. மொழிபெயர்ப்பாளர் கூட இருந்தால் அவரைப் பார்த்து "இவரிடம் கேளுங்கள்" என்று சொல்லாமல் நேராகக் காது கேளாதவரையே பார்த்துக் கேளுங்கள். கைதட்டுவதற்குப் பதில் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டுவார்கள், நீங்களும் ஆட்டலாம். நடைபாதையில் இருவர் சைகையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், வழி அவர்களுக்கு நடுவில்தான் என்றால், நின்று, தயங்கி, குனிந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்காமல் சட்டென்று கடந்து போய்விடுங்கள். நின்று மன்னிப்புக் கேட்கிற அந்த நேரத்தில்தான் பேச்சு மறைகிறது.