காஷ்மீர், லடாக் ராணுவப் போஸ்டிங்: கிளம்பும் முன் வீட்டில் முடிக்க வேண்டியவை

பெட்டி கட்டுவதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் பார்ட் டூ ஆர்டர், அதாவது குடும்ப விவரங்களை சர்வீஸ் ரெக்கார்டில் ஏற்றும் யூனிட் உத்தரவு. கல்யாணம், குழந்தை பிறப்பு இரண்டும் அதில் ஏறியிருக்கிறதா என்று யூனிட் கிளார்க்கிடம் கேட்டு நகல் வாங்குங்கள். தமிழ்நாட்டு ஜவான்களுக்குப் பெரிய தலைவலி இனிஷியல்தான். சர்வீஸ் ரெக்கார்டில் பெயர் விரிவாக இருக்கும், ஆதாரில் ஒற்றை எழுத்தோடு நிற்கும். மனைவியின் பெயரோ பிறந்த தேதியோ பொருந்தாவிட்டால் குடும்பப் பென்ஷன் இழுத்தடிக்கும். ஆதார், பான், பாஸ்புக் மூன்றையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, லீவிலேயே திருத்திவிடுங்கள்.

கல்யாணத்துக்கு முன் சேர்ந்த பலரின் ஏ.ஜி.ஐ.எஃப். (ராணுவக் குழுக் காப்பீடு) நாமினி இன்னும் அம்மாவாகவே இருக்கும். மாற்றுவதோ பங்கு பிரிப்பதோ உங்கள் விருப்பம். வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

வீட்டுச் செலவுக்கு மனைவியோடு 'இருவரில் ஒருவர்' முறையில் ஜாயின்ட் கணக்கு வையுங்கள். உங்கள் ஏடிஎம் கார்டையும் பின்னையும் கொடுத்துவிட்டால் போதாது. ஓடிபி வரும் போன் சிக்னல் இல்லாத மலைமேல் இருக்கும்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே எடுபடாது. போஸ்ட்பெய்டுக்கு மாறிவிட்டுப் போங்கள்.

வீட்டிலிருந்து உங்களுக்கு எழுதும் கடிதத்துக்கு ராணுவ நம்பர், ரேங்க், பெயர், யூனிட், 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் முகவரி) போதும். யூனிட் இருக்கும் ஊர்ப் பெயர் எழுத வேண்டாம். ரயில் ஏறும் தேதியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட வேண்டாம்.