பான்டூன் படகின் உச்ச வேகத்தைக் கண்டுபிடித்த விதம்
மாட்டுங்கா மச்சானின் பான்டூன் படகு (மிதவைக் குழாய்கள் மேல் தட்டையான தளம் வைத்த படகு) மும்பைத் துறைமுகக் கடலில் போகும்போது மணிக்கு 28 கி.மீ., திரும்பும்போது 34 கி.மீ. என்று ஜி.பி.எஸ். காட்டியது. எஞ்சினில் குறையில்லை, ஓத நீரோட்டம்தான் காரணம். ஜி.பி.எஸ். தரையை வைத்தே அளக்கிறது. ஒரே கோட்டில் அடுத்தடுத்து இரு திசையிலும் முழு வேகத்தில் ஓட்டிச் சராசரி எடுத்தேன்: 31.

அப்புறம் கணக்குப் போட்டேன். எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்று, கியர் விகிதம் 2.33, புரொப்பல்லருக்கு, அதாவது படகைத் தள்ளும் திருகுக்கு, வருவது சுமார் 2,360 சுற்று. பிட்ச், அதாவது நழுவாமல் போனால் திருகு ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், 11 அங்குலம்; சுற்றுக்கு 28 செ.மீ. மணிக்கு 40 கி.மீ. வருகிறது. ஆனால் தண்ணீர் மரக்கட்டை இல்லையே, திருகு நழுவும். 20 சதவீதம் கழித்தால் 32. இரண்டும் ஒத்துப்போனதில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி! படகில் ஆள் கூடினால் எஞ்சின் சுற்று குறையும். அந்தச் சுற்றை வைத்தே கணக்கிடுங்கள், மச்சான்.